லயத்து அடுக்களை

பதுளை நோக்கிச் செல்லும் இரவு அஞ்சல் புகைவண்டியிலே பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பொழுது புலரும் வேளையில் வண்டி ஒகியாவைத் தாண்டி அப்புத்தளையை அணுகும். அப்போது மலைச்சரிவுகளிலே வரிசை வரிசையாகக் கிடக்கும் லயங்களின் கூரைகள்மீது வெண்புகை படர்ந்து நிற்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டிச் சாளரத்தின் வழியே பார்ப்பவருக்கு அது பனியோடு கலந்த ஓர் அழகு. அந்தப் புகையின் கீழே நடப்பது அழகை நாடிய காரியமன்று. பெரட்டுக் களத்திலே பேர் கொடுக்கும் நேரத்துக்கு முன்பாக ஒரு பெண் அடுப்பு மூட்டித் தேநீர் வைத்து, மாவு பிசைந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளை எழுப்பி, பகலுக்கு வேண்டியதைக் கட்டி எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறியாக வேண்டும். அவளுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்ளே அவள் செய்து முடிக்கும் சமையலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு சாத்திரமும் உண்டு. தேயிலையைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட செய்தியைச் சிறு பிள்ளைகளும் பாடமாக ஒப்பிப்பர். தம்பேதனையிலே 1890ஆம் ஆண்டில் லிப்டன் கட்டிய தொழிற்சாலையைக் காண வெளிநாட்டார் வருகின்றனர். ஆடி ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தரும் தனி மணத்தைப் பற்றி வணிகர்கள் பக்கம் பக்கமாக வருணிக்கின்றனர். அந்தக் கொழுந்தைப் பறித்த கை வீட்டிலே எதைச் சமைத்தது, அந்தச் சமையலை யாரிடம் கற்றது என்று கேட்டவர் மிகச் சிலரே.

லயத்தின் அமைப்பை அறியாதவர்க்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளே லயம். அறையைக் காம்பரா என்பர். முன்னால் உள்ள சிறு திண்ணை இஸ்தோப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் அதையொட்டிய இஸ்தோப்புமே பெரும்பாலும் உடைமை. பழைய லயங்கள் பலவற்றில் இரு காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே இடைவெளி இருக்கும். அதன் வழியே ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டுக்குக் கேட்கும், குழந்தையின் அழுகை கேட்கும், சண்டையும் கேட்கும். ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் பத்து வீட்டுக்கு அது தெரியும். மனிதருக்குரிய தனிமையைப் பறித்த இக்கட்டடங்களைப் புகழ்வதற்கு எவருக்கும் நா எழாது. ஆயினும் அந்தத் திறந்த சுவரின் வழியாகவே ஒரு கல்வியும் பரவியது என்பதை மறுப்பதற்கில்லை.

“அக்கா, என்ன போட்டீங்க, வாசம் இங்க வரைக்கும் வருது?” என்று ஒரு குரல் கேட்கும். “ஒண்ணுமில்ல தங்கச்சி, பிலாக்கொட்டையச் சுட்டுத் தோல எடுத்துட்டுக் கறி வச்சேன். நீயும் சுட்டுட்டு வச்சுப் பாரு” என்று மறுமொழி வரும். அவ்வளவுதான் பாடம். பீலியடியில் குடத்துக்குத் தண்ணீர் நிறையும் வரையிலே இன்னொரு பாடம் நடக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் அடுப்புக்கு மிலாறு பொறுக்கும்போது மற்றொன்று. பிள்ளைக் காம்பராவிலே கைக்குழந்தையை விட்டுத் திரும்பும் இளந்தாய்க்கு, அங்கே பிள்ளை பார்க்கும் அம்மாள் கஞ்சியின் பதத்தைச் சொல்லி அனுப்புவாள். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. ஆயினும் ஒரு தோட்டத்தின் நல்ல பக்குவம் அடுத்த தீபாவளிக்குள் பசறை வரைக்கும் போய்விடும். மணமாகிப் போகும் பெண்ணே அதனைக் கொண்டு செல்லும் தபாற்காரி.

இம்மக்களின் முன்னோர் சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். முதலில் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் அழைத்துவரப்பட்டவர்கள். ஒரு கங்காணியின் கூட்டத்தில் ஓர் ஊராரே பெரும்பாலும் இருந்தாலும், ஒரு தோட்டத்தில் பல கங்காணிமார் இருந்தமையால் பல ஊர்களின் அடுக்களைகள் அருகருகே வந்து சேர்ந்தன. சேலத்தார்க்குக் களி இன்றேல் உணவில்லை. தஞ்சைப் பக்கத்தார்க்கு அரிசி. தென்மாவட்டத்தார்க்குப் புளியும் காரமும் தூக்கலாக வேண்டும். சொந்த ஊரிலே ஒருவர் வாசலை ஒருவர் மிதித்திராத மக்கள், ஒரே கூரைக்குக் கீழே வந்து ஒருவர் குழம்பின் மணத்தை ஒருவர் நுகர்ந்தனர்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. சாதி வேறுபாடும் அவர்களோடு கப்பலேறி வந்தது. சாதிக்கு ஒரு லயம் என்று பிரித்து வைத்த தோட்டங்கள் உண்டு. ஒருவர் வீட்டில் சமைத்த சோற்றை மற்றவர் தொடாத காலம் நெடுங்காலம் நீடித்தது. தண்ணீர் கூட வாங்கிக் குடியாதவர் இருந்தனர். அத்தகைய நாளிலும் சமைத்த பண்டம் செல்லாத இடத்துக்குச் சமைக்கும் வழி சென்றது. கொழுந்து நிரையிலே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு பெண்கள் கையால் கொழுந்தும் வாயால் கறியும் ஆய்ந்துகொண்டிருந்தால், அதனைத் தடுக்க எந்தச் சாதிக் கட்டுப்பாட்டாலும் இயலாது. பக்குவம் முதலில் கலந்தது. பந்தி வெகுகாலம் கழித்தே கலந்தது. இன்னும் முழுவதும் கலந்துவிட்டதாகச் சொல்லிவிடவும் முடியாது.

தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் சிங்களக் கிராமம். அங்கிருந்தும் இம்மக்கள் கற்றது கொஞ்சமன்று. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் தேங்காயை அளவோடு ஆண்டவர்கள், இங்கே வந்து பால் பிழிந்து கறி வைக்கப் பழகினர். புளி கிடையாத நாளில் கொறுக்காயைப் போடக் கற்றனர். ரம்பை இலையும் சேரையும் கறிச்சட்டிக்குள் வந்தன. மாலைதீவிலிருந்து வரும் மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பலில் சேர்த்தனர். செத்தல் மிளகாயும் உப்பும் சின்ன வெங்காயமும் மாசித் துண்டும் அம்மியில் வைத்துத் தட்டி, தேசிக்காய் பிழிந்தால் அது தமிழருக்குக் கட்டச் சம்பல், சிங்களவருக்கு லுணுமிரிஸ். குரக்கன் மாவைக் கிண்டி எடுத்தால் சேலத்து வழிவந்தார்க்கு அது களி. ஊவாக் கிராமத்தார்க்குத் தலப. இரு மொழி பேசும் இரு மக்கள் ஒரே பண்டத்தைத் தத்தமக்கு மட்டுமே உரியதெனக் கருதி உண்டு வந்திருக்கின்றனர் என்பது நகைப்புக்குரிய செய்தியேயன்றி வருந்துதற்கு உரியதன்று.

இனி ரொட்டிக்கு வருவோம். மலையகத்துத் தமிழருக்கு ரொட்டி பழைமையான உணவு என்று வெளியார் கருதுவதுண்டு. அவர்கள் பாட்டனார் கோதுமை உண்டவரல்லர். தோட்டம் அவர்களுக்கு அரிசியையே வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அந்த அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் வசமாகவே அந்த வழி அடைபட்டது, இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. போர் முடிந்த பின்னும் மா நீங்கவில்லை. கோதுமை இந்நாட்டில் விளையும் பயிரன்று. 1980ஆம் ஆண்டு முதல் திருகோணமலையில் இயங்கிவரும் பெரிய ஆலையும் கடல் கடந்து வரும் கோதுமையையே அரைக்கிறது. ஆகவே, எங்கோ தொலைவில் விளையும் ஒரு தானியத்தைக் கொண்டு, ஊவா மலையுச்சியிலே ஒரு காலையுணவை இப்பெண்கள் உருவாக்கினார்கள். எவரும் அவர்களுக்குச் செய்முறை கற்பிக்கவில்லை. புதிய பண்டம் ஒன்று வீட்டு வாசலில் வந்து விழுந்தது. ஒருத்தி தேங்காய் சேர்த்துப் பார்த்தாள். மற்றொருத்தி வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டாள். வேறொருத்தி தடிப்பாகத் தட்டினால் பகல் இரண்டு மணி வரை பசி தாங்கும் என்று கண்டாள். அந்தத் தடித்த ரொட்டியே நிலைத்தது. மெல்லிய ரொட்டி தின்பதற்கு இனிது. ஆனால் கூடை சுமந்து மலை ஏறுகிறவளுக்கு அது ஆகாது.

அடுத்த பெரிய சோதனை 1973, 1974ஆம் ஆண்டுகளில் வந்தது. உலகெங்கும் உணவுப் பொருள்களின் விலை ஏறிற்று. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தானுக்குக் கொஞ்சம் வயலும் சேனையும் இருந்தன. தோட்டத்தானுக்குத் தேயிலையன்றி வேறு நிலம் இல்லை, தேயிலையோ தின்னும் பொருளன்று. வேலை நாளும் குறைந்தது. தோட்டங்களில் இறப்பு எண்ணிக்கை அந்நாளில் வெகுவாக உயர்ந்தது. அந்த நாள்களைக் கடந்து வந்த முதியோர் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவர்களைக் கொஞ்சம் தூண்டினால் ஒரு பட்டியல் வரும்: கான் ஓரத்தில் எந்தக் கீரை முளைக்கும், எது கசக்கும், எத்தனை முறை நீரை மாற்றினால் கசப்புப் போகும், மழை பெய்த மறுநாள் எந்தக் காளானைத் தொடலாம், எதைத் தொடலாகாது. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, நிறைய நீர் விட்டு, மூடாத பானையில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும் என்பதும் அப்பட்டியலைச் சேர்ந்தது. மரவள்ளியில் இயற்கையாக அமைந்துள்ள நச்சுப் பொருள் இவ்வாறு வேகும்போது ஆவியோடும் நீரோடும் வெளியேறுகிறது என்று இரசாயன நூல் கூறும். மரவள்ளி உண்ணும் நாளில் இஞ்சியைத் தொடலாகாது என்ற விலக்கும் இலங்கை முழுவதும் உண்டு. காரணம் அறியாத வீட்டிலும் அவ்விலக்கு இன்றளவும் காக்கப்படுகிறது.

அக்காலத்திலேதான் பெரும் பிரிவும் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தினால் குடியுரிமையை இழந்து நின்ற இம்மக்களை எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டது 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றாயிற்று. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் உறவினர் கதறியழ அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் அழைத்தனர். அவ்வண்டியில் ஏறியவர்களிற் பலர் நீலகிரியிலே, கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளிலே மீண்டும் தேயிலைக்கே சென்று சேர்ந்தனர். சுற்றிலும் இட்டிலியும் சோறும் உண்ணும் மக்கள். நடுவே இவர்கள் மட்டும் தேங்காய் சேர்த்துத் தடித்த ரொட்டி தட்டிச் சம்பலோடு உண்டார்கள். சிலோன்காரர் என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. இந்தியத் தமிழர் என்று எழுதி ஒரு நாடு அனுப்பியது. சிலோன்காரர் என்று அழைத்து மறுநாடு ஏற்றது. உண்ட உணவை வைத்துப் பார்த்தால் இரண்டாவது பெயரே உண்மைக்கு அண்மையது.

இவையெல்லாம் பழைய கதை. இன்று இதனால் ஆவது என்ன என்று கேட்பவர்க்கு ஒரு கணக்கைக் காட்டலாம். 2016ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தை மட்டும் தனித்து எடுத்தால் நூற்றுக்கு 31.7. ஏறக்குறைய மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை. இதற்கு முதற் காரணம் வறுமை என்பதில் ஐயமில்லை. கூலி உயராமல் பக்குவம் மட்டும் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்துவிடலாம் என்று எவரேனும் உரைத்தால் அது பொய்யுரை. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தொட்டது. ஒரு நாட்கூலியில் எத்தனை தேங்காய் வாங்கி, எஞ்சியதில் எதை வாங்குவது என்பதை அந்தத் தாயே கணக்கிட வேண்டியிருந்தது. அதற்கு முன்னர் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு ஏறியபோது ரொட்டியின் எண்ணிக்கையே வீடுதோறும் குறைந்தது.

ஆனால் வறுமை மட்டும் காரணம் என்று விட்டுவிடுவதும் முறையன்று. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் விளைந்து, பார வண்டி பாரவண்டியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அந்த வண்டிகள் கடந்து செல்லும் லயங்களிலே காலையும் ரொட்டி, பகலும் ரொட்டி, தொட்டுக்கொள்ள உறைப்பான சம்பல் ஒன்றே. பஞ்ச காலத்தில் பாட்டி பறித்த கீரை, பேத்தி நடக்கும் வழியிலே இன்றும் முளைக்கிறது. பேத்தி அதை மிதித்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பொதியில் அடைத்த நொறுக்குத் தீனி வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். அவளைக் குறைகூறிப் பயனில்லை. அது பஞ்சத்தின் உணவு என்று தாயே வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டாள். கீரை தின்பது இல்லாமையின் அடையாளமாகிவிட்டது.

அந்த முதியோர் கைப்பக்குவத்தில் சிலவற்றையேனும் இங்கே எடுத்துரைத்தல் தகும்.

முதலாவது கீரைச் சுண்டல். சிங்களத்தில் இதனை மல்லுங் என்பர். வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி, முருங்கை இவற்றுள் கிடைத்தது எதுவாயினும் நன்றாக அலசிய பின்னரே அரிய வேண்டும். அரிந்தபின் அலசினால் சத்து நீரோடு போகும். மயிர்போல மெல்லியதாக அரிதல் வேண்டும். சட்டி சூடேறியதும் எண்ணெய் இன்றியே கீரையையும் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் உப்பையும் போட்டு, இரண்டொரு நிமிடம் கிளறி, தேங்காய்ப்பூவைச் சேர்த்து உடனே இறக்கிவிடலாம். இறக்கிய பின்னரே தேசிக்காய் பிழிய வேண்டும். அடுப்பின்மேல் இருக்கும்போது பிழிந்தால் கீரை கறுக்கும்; புளிப்பிலுள்ள உயிர்ச்சத்தும் வெப்பத்தில் அழியும். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதற்கு அந்தப் புளிப்பே துணை. இதைப் பாட்டிமார் ருசிக்காகவே செய்தனர். ருசியோடு சத்தும் வந்தது.

இரும்புச்சத்து என்றவுடன் தேயிலை நாட்டார்க்குச் சற்றுக் கசப்பான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதவாறு தடுக்கிறது. ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துண்பது மலையகத்தின் வழக்கம். இரத்தச் சோகையால் வருந்தும் பெண்களும் பிள்ளைகளும் மிகுந்திருப்பதும் அங்கேதான். தேநீரை நிறுத்தச் சொன்னால் கேட்பார் இலர், நிறுத்தவும் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும். விடியற்காலையில் எழுந்தவுடன் தேநீரும், புறப்படுமுன் ரொட்டியுமாக முறையை அமைத்துக்கொண்ட வீடுகளும் இல்லாமலில்லை.

இரண்டாவது, குரக்கன் கலந்த ரொட்டி. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. வெள்ளைக் கோதுமை மாவில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. வளரும் பிள்ளையின் எலும்புக்கு இதைவிட மலிவான பண்டம் ஊவாவில் கிடைப்பது அரிது. ஆனால் குரக்கன் மாவு ஒட்டாது. தட்டும்போது விண்டு போகும். அதனாலேயே இளம்பெண்கள் அதைக் கைவிட்டனர். முதியோர் அதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தனர். ஒரு பங்கு குரக்கன் மாவைத் தனியே எடுத்து அதில் நன்றாகக் கொதித்த நீரை ஊற்றி அகப்பையால் கிளறி வைத்துவிட வேண்டும். சூடு ஆறியதும் இரண்டு பங்கு கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்தால் விள்ளாது. தேங்காய் கிடைப்பது அருமையானால், பால் பிழிந்த பின் எஞ்சும் சக்கையையே ரொட்டிக்குச் சேர்க்கலாம். ஒரே காயில் கறிக்குப் பாலும் ரொட்டிக்குப் பூவும் ஆயிற்று. அரிந்த முருங்கையிலை ஒரு கைப்பிடி போட்டுத் தட்டினால் தொட்டுக்கொள்ளச் சம்பல் இல்லாவிடினும் பிள்ளை தின்னும்.

திரிபோஷ பற்றியும் ஒரு சொல். 1973ஆம் ஆண்டு முதல் கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டுவோர்க்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் அரசினர் வழங்கி வரும் சத்துமாவு அது. சோளமும் சோயாவும் கலந்தது. ஒரு பிள்ளைக்கு என்று வந்த பொதியை வீட்டார் அனைவரும் பகிர்ந்து தின்றுவிடுகிறார்கள் என்று மருத்துவ மாதுக்கள் குறைப்படுவதுண்டு. பசியுள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்து மற்றப் பிள்ளைகளைப் பார்க்கவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து எண்ணி வைத்துவிட்டால், இன்னார்க்கு இத்தனை என்ற வரையறையேனும் வாய்க்கும் என்று சில தாய்மார் கண்டுகொண்டுள்ளனர். இதனை எந்தப் பொதியின்மேலும் யாரும் அச்சிட்டுத் தரவில்லை.

இவ்வறிவு அழிந்து வருவதற்கு மற்றுமொரு காரணம் பெயர்க் குழப்பம். வல்லாரையைப் பிள்ளைகள் கொட்டுகொல என்கின்றனர். பொன்னாங்காணி முகுணுவென்ன ஆகிவிட்டது. அகத்தி கத்துருமுருங்கா ஆயிற்று. சந்தையிலே சிங்களப் பெயர் சொல்லி வாங்குவதில் பிழையொன்றுமில்லை. ஆனால் பாட்டி அகத்தி என்று சொல்லும்போது பேரன் அது வேறொரு செடி என்று எண்ணுகிறான். பாடநூலில் அகத்தி என்று படிக்கும்போது அது தன் லயத்துக் கோடியிலே நிற்கும் மரந்தான் என்பதையும் அறியான். ஒரே கீரை மூன்று இடத்தில் மூன்றாக நின்று, மூன்றிடத்திலும் பயன்படாமற் போகிறது.

லயங்களும் மாறி வருகின்றன. மாறவேண்டியவையே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. சரிவுகளில் இன்னும் எத்தனை லயங்கள் அவ்வாறு நிற்கின்றன என்பதை எண்ணும்போது தனி வீடுகள் விரைந்து எழ வேண்டும் என்பதே அறிவுடையோர் விருப்பம். தனி வீட்டில் காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, மானத்தோடு வாழ இடம் உண்டு. கூரைக்குக் கீழே திறந்து நின்ற அந்தச் சுவர் மட்டும் இல்லை. பெண்மக்களும் தோட்டத்தைவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போய்விட்டனர். வீட்டிலே பாட்டியும் பேரப்பிள்ளைகளும். நடுவே இருந்து இரண்டையும் இணைக்க வேண்டிய தலைமுறை தொலைபேசியில் மட்டுமே இருக்கிறது. குவைத்திலே ஒரு வீட்டின் அடுக்களையில் நின்றுகொண்டு, “அம்மா, குரக்கனுக்குத் தண்ணி எவ்வளவு?” என்று மகள் கேட்கிறாள். “கைய வச்சுப் பாத்தா தெரியுமே” என்கிறாள் பசறைக்கு மேலேயுள்ள தாய். மகளுக்கு அந்தக் கை இல்லை. அந்தக் கை அம்மாவிடமே இருக்கிறது.

இந்தக் கையை எழுத்தில் வாங்கி வைப்பது பாடசாலைகளால் ஆகக்கூடிய காரியம். மனைப் பொருளியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதில் உணவுச் சத்துக்களின் பட்டியல் இருக்கிறது. மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ உள்ள மூத்த பெண் ஒருத்தியிடம் ஒரு கறியையேனும் கேட்டெழுதிக் கொண்டுவந்தால், ஒரு வகுப்பில் முப்பது கறி சேரும். மாணவியர் மட்டும் எழுதினால் போதாது. மாணவரும் எழுத வேண்டும். தாய் வெளிநாடு சென்ற வீட்டில் அடுப்பு மூட்டுவது பல சமயம் அவர்களே. பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்த தெளிவத்தை ஜோசப் மலையகத்து மனிதரின் வாழ்வை ஆண்டாண்டாகக் கதைகளில் எழுதிவைத்து 2022ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் எழுதியிராவிடில் இன்று பலவற்றை நினைவூட்ட ஆளில்லை. அடுக்களைக்கு அத்தகைய ஒருவர் இன்னும் வரவில்லை. முப்பது பிள்ளைகளின் முப்பது அப்பியாசப் புத்தகங்கள் அதற்குப் பதிலாக அமையலாம்.

எழுதும்போது மூன்று செய்திகளை விட்டுவிடலாகாது. கீரையின் பெயரைத் தோட்டத்தில் வழங்கும் சொல்லிலும், சிங்களத்திலும், பாடநூலில் உள்ளவாறும் எழுதுதல் வேண்டும். சொன்னவர் யாரிடம் கற்றார் என்பதைக் கேட்டுக் குறித்தல் வேண்டும். அளவை எழுதுதல் வேண்டும். இம்மூன்றில் கடைசியானதே கடினம். “எவ்வளவு உப்பு, பாட்டி?” என்று கேட்டால், “ஒரு திட்டமா போடு” என்ற விடையே வரும். அப்போது பிள்ளை ஒரு சுண்டும் ஒரு தேக்கரண்டியும் கையில் எடுத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார வேண்டும். பாட்டி கைப்பிடியில் அள்ளிய மாவைச் சட்டியில் கொட்டுமுன் சுண்டில் கொட்டச் சொல்லி அளக்க வேண்டும். ஊற்றப் போகும் வெந்நீரையும் அவ்வாறே அளக்க வேண்டும். பாட்டி முதலில் சிரிப்பாள். இரண்டாம் முறை, பிள்ளை கேட்குமுன்னரே மாவைச் சுண்டில் போட்டுக் காட்டுவாள்.